நாவலை 1945 மே மாதத்தோடு முடித்துவிடாதீர்கள்

நாஜி ஆக்கிரமிப்பின்போது யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தவர்களைப் பற்றி நாவல் எழுதுகிறவர்களுக்கும், அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும்,

வணக்கம். இந்த வகை நாவல் எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுகிறவன் நான். ராத்திரி இரண்டு மணி வரை கீழே வைக்க முடியாமல் படித்துவிட்டு, விடிந்ததும் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். ரொம்ப நாளாக அது என்னவென்று பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டிருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

உங்கள் கதைகளில் அடைக்கலம் கொடுத்தவருக்கு முகம் இருக்கிறது, குழப்பம் இருக்கிறது, காதல்கூட இருக்கிறது. ஒளிந்திருப்பவரோ பெரும்பாலும் பரணில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், பூட்ஸ் சத்தம் மாடிப்படி ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அவருக்கு நீங்கள் கொடுக்கிற வேலை. இரண்டு வருடம் அடுத்தவர் வீட்டில், அவர்கள் போடும் சாப்பாட்டை அவர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, கோபம் வந்தால் காட்ட முடியாமல், ஒவ்வொரு கோப்பைக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வாழ்வது எப்படி இருந்திருக்கும்? அதை எழுதுங்கள்.

நெதர்லாந்தையே எடுத்துக்கொள்வோம். சுமார் 1,40,000 யூதர்கள் இருந்த நாடு, அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒளிந்தவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். 1943இல் ஒரு யூதரைப் பிடித்துக் கொடுத்தால் ஏழரை கில்டர் (அன்றைய டச்சுப் பணம்) பரிசு, அதைப் பிழைப்பாகவே செய்த கும்பல் ஒன்று ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. அப்புறம் சோறு. ஒளிந்திருப்பவர் ரேஷன் வாங்கக் கடைக்குப் போக முடியாது, நாலு பேர் வீட்டில் ஏழு பேருக்கு ரொட்டி வாங்கினால் கடைக்காரனுக்கே சந்தேகம் வரும். ஹெலேனா கய்ப்பர்ஸ்-ரீட்பெர்க் என்ற ஐந்து பிள்ளைகளின் தாயும் ஃப்ரிட்ஸ் ஸ்லோம்ப் என்ற பாதிரியாரும் ஒளிந்தவர்களுக்கு உதவத் தொடங்கி வைத்த அமைப்புக்குப் பெரிய வேலையே இந்த ரேஷன் கார்டுதான், அதற்காக அதோடு சேர்ந்து இயங்கிய குழுக்கள் ரேஷன் அலுவலகங்களையே ஆயுதத்தோடு கொள்ளையடித்தன. ஹெலேனா 1944இல் ராவன்ஸ்ப்ரூக் முகாமில் இறந்துபோனார். ஒரு நாவலுக்கு இது போதாதா?

ஆம்ஸ்டர்டாமில் பிடித்த யூதர்களை ஒரு நாடக அரங்கில் அடைத்து வைத்திருந்தார்கள். குழந்தைகளை மட்டும் எதிர்ச்சாரியில் இருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவே ட்ராம் ஓடும் தெரு, அரங்கு வாசலில் காவல். ட்ராம் வந்து நிற்கிற அந்தச் சில நொடிகளில் காவலுக்கு நிற்பவனுக்கு எதிர்ச்சாரி தெரியாது. அதற்குள் காப்பகப் பெண்கள் குழந்தையோடு வெளியே வந்து, ட்ராம் நகர நகர அதன் மறைவிலேயே நடந்து போய்விடுவார்கள். உள்ளே, அரங்கின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட வால்டர் சூஸ்கிண்ட் என்ற யூதர் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். பெற்றவளிடம் கேட்காமல் செய்ததில்லை. சம்மதித்த தாய், போர்வையில் சுற்றிய பொம்மையைக் கையில் ஏந்திக்கொண்டு முகாமுக்கு ரயில் ஏறிய கதையும் உண்டு. இப்படிச் சுமார் 600 குழந்தைகள் தப்பினார்கள்.

1943 செப்டம்பரில் காப்பகத்தையே காலி செய்தபோது, பக்கத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய யோஹான் ஃபான் ஹுல்ஸ்ட் 12 குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் 13 இல்லை என்று பிற்பாடு தன்னையே கேட்டுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். 107 வயது வரை வாழ்ந்த மனிதர். நாயகனை எழுதுகிறீர்கள், சரி, அந்தப் பதின்மூன்றாவது குழந்தையோடு சேர்த்து எழுதுங்கள்.

நீங்கள் எல்லோரும் கதையை முடிக்கிற இடம் 1945 மே 5, நெதர்லாந்து விடுதலையான நாள். கொடி பறக்கிறது, பரணிலிருந்து இறங்கி வெயிலில் நிற்கிறார்கள், முற்றும். எனக்கு மனம் ஆறுவதே இல்லை. கைக்குழந்தையாகப் போன பிள்ளைக்கு இப்போது மூன்று வயது, வளர்த்தவளைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறது, ராத்திரி அவள் சொல்லிக்கொடுத்த கிறிஸ்தவ ஜெபத்தைச் சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறது. இப்படி அப்பா அம்மா இருவருமோ ஒருவரோ திரும்பாத யூதக் குழந்தைகள் சுமார் 2,000 பேர் அங்கே இருந்தார்கள். யாரிடம் விடுவது என்று முடிவு செய்ய அரசு ஒரு ஆணையத்தையே போட வேண்டியதாயிற்று, பல வருடம் சண்டை நடந்தது. உயிரைப் பணயம் வைத்து வளர்த்தவள் கொடுக்க மாட்டேன் என்கிறாள். குடும்பத்தில் மிஞ்சிய ஒரே உயிர் அந்தப் பிள்ளைதான் என்று அத்தை வந்து நிற்கிறாள். இரண்டு பேரையும் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை, உங்களாலும் முடியாது. அதனால்தான் இதைத் தொடாமல் போகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த நாவலை அந்த வாசலில் தொடங்குங்கள். அத்தை கதவைத் தட்டுகிறாள், பிள்ளை வளர்த்தவளின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வந்த அன்றே வாங்கிப் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்