உடை உடுத்தியதால் உதிர்ந்த உரோமமா?

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற ஞாயிறு விஞ்ஞானப் பக்கத்தில், மனிதன் உடை உடுத்தத் தொடங்கியதால் உடலுரோமம் தேவையற்று உதிர்ந்ததென ஒரே வரியில் தீர்ப்பளிக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக வேட்டியும் சாரனும் உடுத்திவரும் எங்களூர் ஆண்களின் கால்களைக் கட்டுரையாளர் பார்த்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்.

உடையில் வாழும் பேன் தலைப்பேனிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 170,000 ஆண்டுகள், ஆகவே உடையின் வயதும் ஏறத்தாழ அவ்வளவே என மரபணு ஆய்வாளர் கணித்திருப்பதும், வெயிலைத் தாங்கும் கருந்தோல் குறைந்தது 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதனில் நிலைபெற்றுவிட்டதென மானிடவியலாளர் அலன் ரொஜர்ஸ் குழுவினர் 2004 இல் கூறியதும் தாங்கள் அறியாதவையல்ல. உரோமம் மூடிய உடம்புக்குக் கருந்தோல் எதற்கு? இடைப்பட்ட பத்து இலட்சம் ஆண்டுகள் அம்மணமாகத் திரிந்தவனைத் தங்கள் பத்திரிகை முதலிலேயே புடைவைக் கடைக்கு அனுப்பிவிட்டது. போதாக்குறைக்கு, உரோமம் உதிரவுமில்லை. மயிர்க்கால்கள் பெரும்பாலும் அப்படியேயிருக்க, மயிர்தான் மெலிந்து குறுகியது.

இது முதற்தடவையன்று. முன்னர் இதே பக்கம், மனிதன் நீரில் வாழ்ந்ததால் உரோமம் இழந்தான் என்ற கடலுயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டியின் 1960 ஆம் ஆண்டு ஊகத்தை நிரூபணமான உண்மையாகவே எழுதியது. நீரிலேயே திரியும் நீர்நாய்க்கு அடர்ந்த உரோமம் ஏன் என்று கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை; அதே இதழில் இராசிபலனுக்கு முழுப்பக்கம் கிடைத்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை வெட்டு நாட்களில், முயலை விரட்டிக் களைத்த நாய் வரம்போர மருதமர நிழலில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும். வெட்டுகிறவர்களோ உச்சி வெயிலிலும் நிமிரமாட்டார்கள். முதுகில் ஓடிய வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும். வியர்வை காற்றில் உலர்ந்தாலே உடல் குளிரும், அடர்ந்த உரோமம் அதற்குத் தடை என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையது. அதற்கும் மறுப்புண்டு: வெறுந்தோல் பகலில் கூடுதல் வெப்பத்தை வாங்கி இரவில் இழக்கும். உண்ணிக்கும் பேனுக்கும் இடம் குறைந்ததே நன்மை என்று பரிணாம ஆய்வாளர்களான பேகலும் பொட்மரும் 2003 இல் வாதிட்டார்கள். துணையைத் தெரிவுசெய்யும் விருப்பமே காரணம் என்றார் டார்வின், 1871 இல். ஆய்வாளர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருப்பதைத் தங்கள் கட்டுரையாளர் ஒரு வரியில் முடித்துவைத்த பெருந்தன்மையை என்னவென்பது?

மாணவர்கள் இப்பக்கத்தை வெட்டி ஒப்படைகளில் ஒட்டுகிறார்கள். ஆகவே வரும் ஞாயிறன்று மூன்று வரித் திருத்தமொன்றை, இராசிபலனுக்குக் கீழேயாயினும், வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.