கடைசி நாட்களைக் கவனித்துக்கொள்ள நம் செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய் வார்டில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிஸ்டர் நான். நான் கேட்பது இதுதான்: இனி குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை, நம் மாணவிகள் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்க வேண்டும். திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை, இடம்பெற்றிருப்பது நல்ல காரியம். ஆனால் இதை வகுப்பில் குறிப்பு எடுத்துக் கற்க முடியாது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த வாசலில் போய் நிற்கும் செவிலியரின் பக்கத்தில் பல நாள் டாக்டர் இருக்கமாட்டார். அங்கே என்னவெல்லாம் காத்திருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

மார்பகப் புற்று வெடித்து, புண் நாற்றம் எடுத்ததால் திண்ணையில் தனியாகக் கிடத்தப்பட்ட அம்மா ஒருவர் இருப்பார். பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். புண்ணைப் பக்குவமாகக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிவந்தால் சில நாளில் நாற்றம் அடங்கும். மிக மலிவான மாத்திரை. அந்த அம்மாவை மறுபடி வீட்டுக்குள் படுக்கவைக்க அது போதும். இதைச் செய்து பார்த்த செவிலியருக்கு இது சின்ன வேலை. பார்த்திராதவர் கட்டு மாற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார்.

அடுத்தது கடும் வலியை அடக்கும் மருந்தான மார்ஃபின். அந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டார் பயப்படுகிறார்கள், நம் செவிலியர்களும் பயப்படுகிறார்கள். கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்றோ, அடிமையாகிவிடுவார் என்றோ நினைக்கிறார்கள். சரியான அளவில் வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்லாது, அவரைத் தூங்கவைக்கும், எழுந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசவைக்கும். சாதாரண மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று விட்டால் வலி எப்போதும் ஒரு படி முன்னால்தான் இருக்கும். கூடவே மலமிளக்கி கட்டாயம். அதை மறந்தால் மலச்சிக்கல் தாங்காமல் நோயாளியே மருந்தை நிறுத்திவிடுவார். படிப்படியாக வலிமருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. பல உரிமங்களுக்காக அலையவைத்த போதைப்பொருள் சட்டத்தையும் 2014-ல் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இந்த மருந்தை வைத்திருக்க வழிசெய்துவிட்டார்கள். சட்டம் இளகியும் பயம் இளகவில்லை. அதைப் போக்க வேண்டியது பயிற்சிதான்.

பேச்சு இன்னும் கஷ்டம். "அப்பாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் வாசலிலேயே மறிப்பார். உள்ளே போனால் அப்பா மெதுவாக, "நான் பொழைப்பேனாம்மா?" என்று கேட்பார். அவருக்குப் பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கும். இந்த இடத்தில் "எல்லாம் சரியாயிடும் ஐயா" என்று சொல்லி நழுவத்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. "உங்களுக்கு என்னன்னு தோணுது ஐயா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்கும் இது தானாக வராது. அனுபவப்பட்ட ஒருவர் பேசுவதைப் பார்க்க வேண்டும், தானும் பேசிப்பார்க்க வேண்டும், எங்கே தடுமாறினோம் என்று திரும்பும் வழியில் பேச வேண்டும்.

மூச்சு இழுக்கத் தொடங்கியதும் சொந்தபந்தம் கூடி வாயில் பால் ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கித் திணறவைக்கும். தடுத்தால் குடும்பம் காலத்துக்கும் மனம் ஆறாது. உதட்டையும் நாக்கையும் நனைக்கும் அளவுக்குப் பஞ்சில் தொட்டு வைக்கச் சொல்லலாம். சடங்கும் நடக்கும், அவரும் திணறமாட்டார். தொண்டையில் கரகர என்று சத்தம் வந்தால், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்தச் சத்தம் கேட்கும் நமக்கு இருக்கும் வேதனை பெரும்பாலும் அவருக்கு இருக்காது என்று எடுத்துச் சொல்லவும் தெரிய வேண்டும். சொல்லாவிட்டால் நடுராத்திரியில் 108-ஐக் கூப்பிடுவார்கள். வீட்டில் கண் மூட ஆசைப்பட்டவர் ஆம்புலன்சில் போய்ச் சேருவார்.

கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய முயற்சி, 2008-ல் மாநிலக் கொள்கையானது. இன்று அங்கே பஞ்சாயத்து அளவில் வீடுவீடாகப் போகும் இந்த வேலையின் முதுகெலும்பு, இதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள். இத்துறையின் நவீன வடிவத்துக்கு அடித்தளம் போட்ட சிசிலி சாண்டர்ஸ், டாக்டராவதற்கு முன் நர்ஸாக இருந்தவர்தான். 1967-ல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தில் பராமரிப்போடு பயிற்சியும் சேர்ந்தே நடந்தது.

இங்கே என்ன செய்யலாம்? முதலில் ஆசிரியைகளை அனுப்புங்கள். வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, கோழிக்கோடு என்று போய் வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு இருந்து வரட்டும். அதன்பின் இறுதியாண்டு மாணவிகள் ஒவ்வொருவரையும் குறைந்தது இரண்டு வாரம் மக்களைத் தேடி மருத்துவக் குழுவோடு அனுப்பலாம். சும்மா வேடிக்கை பார்க்காமல் வாய் சுத்தம் செய்வது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவது, வலியைக் கேட்டு எழுதுவது எல்லாம் அவர்கள் கையால் நடக்க வேண்டும். தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் சிகிச்சை விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று, 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது. குடும்பம் கேட்டால் விளக்க இதையும் அவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பணியில் இருப்பவர்களுக்காகவும் ஒன்று கேட்கிறேன். இந்த வேலையைக் கற்றுத் தேறிய செவிலியரை ஆறே மாதத்தில் பிரசவ வார்டுக்கு மாற்றாதீர்கள். ஒருவர் இறந்ததும் கட்டிலைத் துடைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போகும் இந்தப் பெண்களுக்கும் மனசு இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம், இழந்தவர்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களுக்குப் பணிநேரத்திலேயே ஒதுக்குங்கள்.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் செய்முறைத் தேர்வில் "நான் பொழைப்பேனா?" என்ற கேள்விக்கு மாணவி எப்படிப் பதில் சொல்கிறாள் என்பதற்கும் மதிப்பெண் வையுங்கள். தேர்வில் இருந்தால்தான் கல்லூரிகள் கற்றுக்கொடுக்கும். பாடம் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், என்னைப் போல ஓய்வுபெற்ற சிஸ்டர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர் ஒருவர்