ரூஸின் 30 ஏக்கர்: ஹாரிஸ் பார்க் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சிட்னி ஹாரிஸ் பார்க்கில் குடிவந்துவிட்டதாகவும், தோசைக் கடைகளைத் தாண்டி நடந்தால் கைதியாக வந்து விவசாயியான ஜேம்ஸ் ரூஸ் கட்டிய வீடு இருப்பதாகவும் எழுதியிருந்தாய். நிலம் அவருடையதுதான். வீடு அவருடையது இல்லை. எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் காட்டேஜ் என்ற அந்த வீடு 1830களில் எழுந்தது. அப்போது நிலம் மருத்துவர் ஜான் ஹாரிஸிடம் இருந்தது. உன் பேட்டைக்குப் பெயர் வந்ததும் அவரால்தான். ரூஸின் குடிசை எப்போதோ மண்ணோடு மண்ணாகிவிட்டது.

ரூஸ் இங்கிலாந்தின் கார்ன்வாலில் விவசாயம் பழகியவர். திருட்டுக் குற்றத்துக்கு 7 ஆண்டு நாடுகடத்தல். பிரிட்டன் கைதிகளை ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய முதல் கப்பல் கூட்டத்தோடு 1788 ஜனவரியில் வந்தார். தண்டனை முடிந்ததும் நிலம் கேட்டார். கவர்னர் ஆர்தர் ஃபிலிப் 1789 நவம்பரில் இடத்தைக் காட்டினாரே தவிர எழுதிக் கொடுக்கவில்லை. அரசுக் கிடங்கின் அரிசியையும் மாவையும் நம்பாமல் ஒரு குடும்பம் பிழைக்க எத்தனை நாள் ஆகும் என்று பார்ப்பதுதான் ஏற்பாடு. அது புரமட்டகல் மக்களின் மண். பக்கத்துப் பரமட்டாவின் பெயரே அவர்களிடமிருந்து வந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

30 ஏக்கர் என்பது வாக்குறுதி. 1790 நவம்பரில் வாட்கின் டென்ச் என்ற ராணுவ அதிகாரி போய்ப் பார்த்தபோது பயிர் நின்றது ஒன்றரை ஏக்கர் கோதுமை, அரை ஏக்கர் மக்காச்சோளம், ஒரு சின்னக் காய்கறித் தோட்டம். ரூஸ் சொன்ன முறையை அவர் அப்படியே குறித்து வைத்திருக்கிறார். வெட்டிச் சாய்த்த மரங்களை அங்கேயே எரித்துச் சாம்பலை மண்ணில் கலப்பது. ஏரும் இல்லை, இழுக்க மாடும் இல்லை; எல்லாம் கையால் கொத்துவதுதான். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது சதுர ராடுக்கு மேல் தொடுவதில்லை. நம் கணக்கில் எட்டு ராடு சரியாக 5 சென்ட்! ஒன்றரை ஏக்கரை ஒருமுறை கொத்தவே 30 நாள். அரசுப் பண்ணையில் கைதிகள் மேலாகச் சுரண்டிவிட்டுப் போவார்கள். இவர் கட்டியை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து, மண்ணை வெயிலிலும் காற்றிலும் முடிந்தவரை ஆறப்போட்டு, விதைக்குமுன் இன்னொரு முறை புரட்டினார். அறுப்புக்குப் பின் டர்னிப் விதைப்பது, வைக்கோலைக் குழியில் போட்டு மக்கவைப்பது என்றும் திட்டம்.

இவ்வளவுக்கும் பலன்? வீசி விதைத்தது 3 புஷல். எதிர்பார்த்த அறுவடை 12 அல்லது 13. கோதுமை ஒரு புஷல் சுமார் 27 கிலோ. அடுத்த விதைக்கு மூன்றை எடுத்து வைத்தால், மிஞ்சுவது 250 கிலோவை ஒட்டி. அதிலும் மே மாதம் விதைத்தது நன்றாக வந்தது, ஜூனில் விதைத்தது பின்தங்கியது.

ரூஸே காரணத்தைச் சொல்லிவிட்டார்: மண் நடுத்தரம்; எரு போட்டால் விளையும்; மாடு இல்லாவிட்டால் படுத்துவிடும். குழி எரு மட்டும் ஒன்றரை ஏக்கருக்கு எங்கே போதும்? போதாததற்கு, ஏறக்குறைய தினம் இரவில் திருட்டு. உதவிக்குக் கொடுத்த கைதியையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கூட உழைத்தது மனைவி எலிசபெத் பெர்ரி மட்டுமே. அவரும் கைதியாக வந்தவர்தான். 1790 செப்டம்பரில் கல்யாணம்.

இருந்தும் 1791இல் கிடங்கின் படி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த 30 ஏக்கரை எழுதிக் கொடுத்த பத்திரத்தின் தேதி 1792 பிப்ரவரி 22. பத்து ஆண்டுக்கு வரி கிடையாது. அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். கப்பலுக்கு உதவும் மரம் மட்டும் அரசுக்கு.

1793 அக்டோபரில் 40 பவுண்டுக்கு ஹாரிஸிடம் விற்றுவிட்டு ஹாக்ஸ்பரி ஆற்று வண்டல் நிலத்துக்குப் போனார்கள். தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். எருவில்லாத நிலத்தை விட்டு, எரு கேட்காத நிலத்துக்குப் போனவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்று வெள்ளம் என்ற வேறொரு தொல்லை அங்கே இருந்தது என்பது உண்மைதான்.

காலனிக்கு முதலில் வந்த மாடுகள் 1788இலேயே மேய்ப்பவர் அசட்டையால் காட்டுக்குள் ஓடிப்போயிருந்தன. 1795இல், ரூஸ் விற்ற இரண்டே ஆண்டில், சிட்னிக்குத் தென்மேற்கே கேம்டன் பக்கத்துப் புல்வெளியில் பெரிய மந்தையாகப் பெருகிக் கிடைத்தன.

அன்புடன்,
அண்ணன்