பிரஷர் மாத்திரையும் ஓயாத இருமலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது மாதக்கணக்கில் வறட்டு இருமலோடு இருந்தால், அடுத்த பாட்டில் இருமல் மருந்து வாங்குவதற்கு முன் அந்த மாத்திரை அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனாலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் என்று ‘பிரில்’ என முடிகிற மாத்திரைகள் எல்லாம் ஒரே வகை. நல்ல மருந்துகள்தான், பலவீனமான இதயத்தையும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகிறவை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இவற்றைச் சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு இருமல் வரும் என்பது மருத்துவ உலகத்துக்குப் பல வருடங்களாகத் தெரிந்த விஷயம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நம்மைப் போன்ற ஆசிய நாட்டவர்களுக்கும் அதிகம். மாத்திரை ஆரம்பித்த வாரத்திலேயே வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம், அதனால்தான் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் முடி சிக்கினாற்போல ஒரு கரகரப்பு, ராத்திரி படுத்தால் போதும், எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டே இருப்பார். முதலில் தூசி என்றார்கள், அப்புறம் அலர்ஜி என்றார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும், அது சரிதான், எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்தது, ஆனாலும் முடிவு வருவதற்குள்ளேயே அக்கம்பக்கத்தில் அவர் தம்ளரைத் தனியாக வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இதைவிட மோசமானது ஒன்று உண்டு, வெளியே சொல்ல வயதான பெண்கள் கூச்சப்படுவார்கள், அதனால் நானே சொல்கிறேன்: இந்த இருமல் இருமும்போது சிறுநீர் கசிந்துவிடும். அம்மா கல்யாணத்துக்குப் போவதை நிறுத்தினார், பஸ் ஏறுவதை நிறுத்தினார், என்னவென்று கேட்டால் முடியவில்லை என்பார், அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒவ்வொரு டாக்டரிடமும் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லத்தான் செய்தோம். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டு மேலும் ஒரு சிரப் எழுதினார்கள். சிரப்பிலும் விஷயம் இருக்கிறது. சில இருமல், சளி மருந்துகளில் மூக்கடைப்புக்குச் சேர்க்கிற பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிலவற்றில் இருக்கிற அலர்ஜி மருந்து வயதானவர்களைத் தூக்கக் கலக்கத்தில் தள்ளிக் கீழே விழவைக்கும். அதாவது ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அந்த மருந்தின் பக்கவிளைவுக்கு வேறொன்று. கடைசியில் கண்டுபிடித்தவர் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த ஒரு மருந்தாளுநர். அம்மா வரிசையில் நின்று இருமுவதைப் பார்த்து, “இந்த எனாலாபிரில் எப்போதிருந்து சாப்பிடுறீங்கம்மா?” என்று கேட்டார். டாக்டர் லோசார்டன் என்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். மாதம் முடிவதற்குள் இருமல் நின்றது.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்குகிற ஒரு பொருளை உண்டாக்கும் நொதியை இந்த மாத்திரை தடுக்கிறது, அதனால் பிரஷர் இறங்குகிறது. அதே நொதிதான் உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கிற வேலையையும் பார்க்கிறது. அது தடைப்பட்டால் பிராடிகைனின் மூச்சுக்குழாயில் தேங்கி உறுத்தும், இருமல் வரும். லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் வேறு இடத்தில் வேலை செய்வதால் இந்தத் தொல்லை அவற்றில் மிகக் குறைவு.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பிரஷர் ஏறிப் பக்கவாதம் வந்தால் அதற்கு இருமலே தேவலாம். டாக்டரிடம் போய், இந்த மாத்திரையால் இருமல் இருக்குமா, மாற்ற முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது: இதே மாத்திரைகளால் அபூர்வமாகச் சிலருக்கு உதடு, நாக்கு, முகம் வீங்கும், மூச்சு அடைக்கும். விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

என் ஆதங்கம் எல்லாம் இதை மாத்திரை கொடுக்கும்போதே ஏன் சொல்வதில்லை என்பதுதான். பக்கவிளைவைச் சொன்னால் ஜனங்கள் பயந்து மாத்திரையை விட்டுவிடுவார்கள் என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். நான் பார்த்தவரை நடப்பது தலைகீழ். சொல்லாததால்தான் விடுகிறார்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கினால் கிட்னி போய்விட்டது என்று பதறி நிறுத்துகிறார்கள். சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கினால் தூக்கிப் போடுகிறார்கள், வருடக்கணக்கில் சாப்பிட்டு பி12 வைட்டமின் குறைந்து கால் மரத்துப்போனால் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுகிறார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேராக டாக்டரிடம் வந்திருப்பார்கள்.

ஓபியில் கூட்டம் நெரிகிறது, ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்க டாக்டருக்கு நேரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை, மதியம், இரவு என்று அச்சடித்த அந்தக் காகிதக் கவரில் ‘விடாத இருமல் இருந்தால் சொல்லவும்’ என்று தமிழில் ஒரு வரி சேர்க்க என்ன செலவாகிவிடும்? கடையில் அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை கொடுக்கும்போது பெயர் இருக்கிற பகுதியும் போய்விடுகிறது, இருந்தாலும் அது பொடி எழுத்து ஆங்கிலம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, நல்ல காரியம். கொண்டுவருகிற பெண் பிரஷர் பார்க்கும்போதே, “இருமல் இருக்கா, கால் வீங்குதா?” என்று இரண்டு கேள்வி கேட்டால் எத்தனையோ அம்மாக்கள் ராத்திரி தூங்குவார்கள்.

மருந்தால் தொல்லை வந்தால் நோயாளியே அரசிடம் தெரிவிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. உங்கள் நாளிதழில் மருத்துவப் பக்கம் வரும் நாட்களில் இந்த எண்ணை ஒரு மூலையில் தொடர்ந்து வெளியிட முடியுமா? பெரிய எழுத்தில் போடுங்கள், கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்