சயாமுக்குப் போன தாத்தாவின் பெயரை எழுதி வையுங்கள், அக்கா

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். ஈப்போவில் நீங்களும் அத்தானும் கவனித்துக்கொண்டதற்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தாய்லாந்தில், அந்தக் காலத்துச் சயாமில், காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரம், பெரியம்மா ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்துக்கொண்டே வந்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத கல், அதன் மேல் வெண்கலத் தகடு. தகட்டில் படைப்பிரிவின் சின்னம், எண், பெயர், இறந்த தேதி, வயது. இங்கிலீஷ் தெரியாததால் என்னைப் படிக்கச் சொன்னார். பெயரை விட வயதைத்தான் கேட்டார். 22, 25, 23 என்று நான் சொல்லச் சொல்ல, "பச்சப் புள்ளைங்கய்யா" என்றார். நாலைந்து வரிசை தாண்டியதும் நிமிர்ந்து பார்த்து, "நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போன அவருடைய அப்பாவும், நம் தாத்தா, இங்கே எங்கோதான் இருக்கிறார் என்ற நினைப்பிலேயே அவர் அத்தனை தூரம் நம்மோடு வந்திருக்கிறார், அக்கா. அந்தத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள். எல்லோரும் அந்தப் பாதை வேலையில் இறந்த போர்க்கைதிகள்.

அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளத்தை இணைத்துவிட்டார்கள். இறந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 இருக்கலாம் என்கிறார்கள், அதுவும் மதிப்பீடுதான். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும் பங்கு. போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. கொஞ்ச காலம்தான், சம்பளம் உண்டு என்று சொல்லி முதலில் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற பேச்சு பரவியதும் பிடித்துப் போக ஆரம்பித்தார்கள்.

கைதிகளுக்கு மட்டும் எப்படிப் பெயர் நிலைத்தது என்பதைத்தான் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ராணுவம் என்பதால் அவர்களிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் செத்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள், அந்தக் காகிதங்களை மண்ணில் புதைத்தும் காப்பாற்றினார்கள். போர் முடிந்ததும் 1945இல் ஒரு குழு அந்தப் பாதை நெடுக அலைந்து 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. 1943இல் காலராவில் இறந்த சுமார் 300 பேரை எரிக்க வேண்டி வந்தது. அவர்களுடைய சாம்பல் மொத்தமும் இரண்டே குழிகளில் இருக்கிறது, ஆனாலும் அத்தனை பேர் பெயரும் அங்கே மண்டபத்தில் பொறித்திருக்கிறது. உடல் தனியாகக் கிடைக்காதவருக்கும் பெயர் கிடைத்தது, ஏடு இருந்ததால்.

நம் ஆட்களுக்கு அந்த ஏடு இல்லை. அதே காலரா அவர்கள் முகாம்களில் புகுந்தபோது மருந்து கொடுக்கவும் போதிய ஆள் இல்லை, கணக்கு எழுதவும் ஆள் இல்லை. தனியாகப் போனவர்களும் குடும்பத்தோடு போனவர்களும் மொத்தமாகக் குழியில் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து வாட் தாவோர்ன் கோயிலில் மலேசியத் தமிழர்கள் முயன்று நட்ட நடுகல் நிற்கிறது. பெரியம்மா அங்கே கும்பிட்டு நின்றது நீங்களும் பார்த்ததுதான். எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் அந்தக் கல்லில் தாத்தா பெயரைத் தேட முடியாதே.

அதனால் ஒரு வேலை கேட்கிறேன். தாத்தா போனபோது பெரியம்மா கைக்குழந்தை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டி சொன்னது, அதைக் கேட்டவர்களில் இன்றைக்கு இருப்பது அவர் ஒருவர்தான். ஒரே நாளில் உட்கார வைத்து விசாரணை மாதிரி கேட்காதீர்கள், மூடிக்கொள்வார். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது பேச்சுக் கொடுங்கள், போன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். தாத்தாவின் முழுப் பெயர், அவருடைய அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), கூடப் போனவர்கள் யார் யார், கங்காணி யார், போனது எந்த மாதம் என்பதெல்லாம் வேண்டும். மாதம் தெரியாவிட்டால் தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் சொல்லிவிடுவார். கூடப் போனவர்களின் பெயர்களை முக்கியமாகக் கேளுங்கள், அக்கா. அந்தக் குடும்பங்களில் யாராவது இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.

இங்கே அம்மாவுக்கும் கொஞ்சம் தெரியும். தாத்தா கப்பலேறியபோது ஊரில் யாரெல்லாம் இருந்தார்கள், பழைய பத்திரத்தில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டு இந்த வாரமே எழுதி அனுப்புகிறேன். இரண்டையும் சேர்த்து வைத்து அங்கே உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு படி கொடுத்துவிடுவோம். பெரியம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி