இரட்டைக் கொம்பு

திருச்சி

அன்புள்ள ரஃபீக்,

நலம்தானே? உன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

போன வெள்ளிக்கிழமை நம் வளனார் பள்ளி ஆண்டு விழா. சின்னவன் இப்போது அங்கேதான் ஆறாவது படிக்கிறான். அவன் நாடகத்தில் இருக்கிறான் என்றதும் புதுக்கோட்டையிலிருந்து அம்மாவும் கிளம்பி வந்துவிட்டாள். தெப்பக்குளத்தில் இறங்கி நடந்தோம். லூர்து மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்ததுமே அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். என்னை ஹாஸ்டலில் விட வந்த அன்றும் இப்படித்தான் கும்பிட்டதாகச் சொன்னாள்.

விளக்கேற்றினார்கள், ஆண்டறிக்கை வாசித்தார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த பழைய கதையை நான் பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் நாடகம். வீரமாமுனிவர்! 1680இல் இத்தாலியில் பிறந்தவர், தேம்பாவணியில் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து 3,615 பாட்டு எழுதினார் இல்லையா? சூசையப்பரின் இன்னொரு பெயரான யோசேப்பு என்றால் பெருகுதல் என்று பொருளாம், அதைத்தான் 'வளன்' என்று தமிழாக்கினாராம். அத்தனை வருஷம் அந்த வாசல் வழியே போய் வந்தோமே, வளனார் என்றால் என்ன என்று ஒரு நாளாவது கேட்டோமா?

நாடகத்தில் ஒரு கட்டம். அந்தக் காலத்தில் குறில் எகரத்துக்குத் தலையில் புள்ளி, நெடிலுக்குப் புள்ளி இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் வைக்காமலே விட்டுவிடுவார்கள். அப்போது எது குறில், எது நெடில்? ஒரு பையன் ஓலையைப் பார்த்து "மகன் கெட்டான்" என்று படிக்கிறான், இன்னொருவன் "இல்லை, மகன் கேட்டான்" என்கிறான். இரண்டு பேருக்கும் சண்டை. முனிவர் வந்து, நெடிலுக்கு இரட்டைக் கொம்பு போடுங்கள் என்கிறார். அந்தக் கொம்பை அட்டையில் வெட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது நம் சின்னவன்.

அரங்கமே கைதட்டியது. அம்மா மட்டும் தட்டவில்லை. "எனக்கும் இந்தக் கொம்புதானே தகராறு" என்று மெல்லச் சொன்னாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். 1991இல் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டு, ஹாஸ்டலுக்கு அம்மா தன் கையால் எழுதிய முதல் கடிதம். "பட்டணத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப் போகாதே." அதை நாம் இரண்டு பேரும் எத்தனை நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்! பகலெல்லாம் களையெடுத்துவிட்டு, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதியிருக்கிறாள். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "கடிதம் வந்து சேர்ந்ததே, அது போதாதா" என்றாள்.

பழைய பெட்டி முழுக்கத் தேடிவிட்டேன், அந்த இன்லேண்டு கடிதம் இல்லை. நீதான் அதை உன் கணக்கு நோட்டில் மடித்து வைத்திருந்தாய். உன் வீட்டுப் பரணில் ஒருமுறை பாரேன். கிடைத்தால் தபாலில் போடாதே, கையோடு எடுத்துக்கொண்டு வா. அம்மா பொங்கல் வரைக்கும் இங்கேதான் இருப்பாள்.

அன்புடன்,
முருகேசன்