பூட்ஸைப் பரணிலிருந்து எடு

தூத்தூர்,
ஆகஸ்ட் 2024

அன்புள்ள சேவியர்,

நலம். வீட்டிலும் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. எந்த மருந்துக்கும் அசையவில்லை. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. ஊரில் கிழவர்களும் பிள்ளைகளும் கடன்காரர்களும்தான் மிச்சம். நீ கேட்ட கருவாடு லூர்து அண்ணன் சென்னைக்கு வரும்போது வந்து சேரும். குசலம் இத்துடன் முடிந்தது.

இனி சண்டை. உன் மகன் ரோஷன் விஷயம் லதா என் வீட்டுக்காரியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? மாதக்கணக்காக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என்னிடமிருந்தும் இல்லைதான், ஆனால் நான் சோம்பேறி என்பது ஊரறிந்தது. நீ அப்படியா? கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. பள்ளிகளுக்கிடையிலான கால்பந்து ஆட்டத்தில், கீழே விழுந்து கிடந்த பையனை ரோஷன் உதைத்துவிட்டான். சிவப்பு அட்டை, இந்தப் பருவம் முழுக்க ஆடத் தடை. கொடுத்தது சரி. அதோடு விடாமல் நீ பூட்ஸைப் பரணில் போட்டு, இனி இந்த வீட்டில் பந்துப் பேச்சே கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாய். போதாததற்கு, "நீ என்ன பெரிய பெப்பேயா?" என்று வேறு அவனைக் கேட்டாயாம்.

மக்கா, அந்தப் பெயரை நீயே இழுத்துவிட்டாய். அதுவும் போர்ச்சுகல் அணியின் அந்தத் தடுப்பாட்டக்காரர் ஓய்வு பெற்ற மாதத்தில். 8ஆம் தேதி அறிவித்துவிட்டார், பார்த்திருப்பாய். 41 வயது. பார்சிலோனா பக்தனான நீ அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாய். நான் ஏற்றவில்லை. ஸ்டாப்பர் இடத்தில், அதாவது நடுத் தடுப்பில், ஆடிக் காலை உடைத்துக்கொண்டவர்களுக்கு என்று ஒரு தனிக் கட்சி உண்டு, நான் அதன் ஆயுள் உறுப்பினன்.

உன்னைப் பொறுத்தவரை பெப்பே என்றால் 2009 ஏப்ரல் 21. சரி, அதிலிருந்தே தொடங்குவோம். ரியல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேயுவில் கெட்டாஃபே அணியுடன் ஆட்டம் 2-2. முடிய ஒருசில நிமிடங்கள்தான் இருக்கின்றன. பெனால்டி பகுதிக்குள் கெட்டாஃபேயின் காஸ்கெரோவைத் தள்ளி வீழ்த்துகிறார் ரியலின் பெப்பே. பெனால்டி. அத்துடன் நின்றிருந்தால் அது வெறும் தவறு. தரையில் கிடந்தவனை உதைத்தார், இன்னொருமுறையும் உதைத்தார், தடுக்க வந்த அல்பினின் முகத்தில் அடித்தார். கேமரா எல்லாவற்றையும் பார்த்தது. 10 ஆட்டங்கள் தடை. பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த உதைக்கு நியாயம் கற்பிக்க நான் வரவில்லை. அன்று வாசகசாலையில் டிவியை அணைக்கச் சொன்னவர் நம் குருசு மாஸ்டர், நினைவிருக்கிறதா? ஆட்டத்தையே பாதியில் அணைக்கச் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். அணைத்ததால் நாம் பார்க்காமல் போனது: அந்தப் பெனால்டியை காஸ்கெரோ ஒய்யாரமாக மெல்லத் தூக்கிவிட, ரியல் கோல்கீப்பர் காசியாஸ் பிடித்துவிட்டார், கடைசியில் இகுவாயின் கோல் அடித்து ரியல் 3-2 என வென்றது.

வென்றது என்று சொல்கிறேனே, அதற்கு அடுத்த கதை உனக்குத்தான் நன்றாகத் தெரியும். மே 2ஆம் தேதி பார்சிலோனா பெர்னபேயுவுக்கு வந்தது. பெப்பே தடையில் வீட்டில். கன்னவாரோவும் மெட்செல்டரும் நடுவில் நின்றார்கள். 2-6. சொந்த மைதானத்தில் ஆறு! மெஸ்ஸியை நடுவில் இழுத்து வைத்து, அந்த இரண்டு பேரையும் எங்கே போவது என்று தெரியாமல் திணற வைத்தார்கள். நீ அன்று பாயசம் கொடுத்தாய், நானும் குடித்தேன், இனிப்பு போதவில்லை. அப்போதே எனக்குத் தோன்றியது: உதைத்தவன் ஒருவன், ஆறு வாங்கியவர்கள் வேறு சிலர். பெப்பே இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறு விழுந்திருக்காது. இதை மறுத்து நீ எழுதும் நாலு பக்கத்தை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.

நான் ரோஷனுக்குச் சொல்ல நினைப்பது இந்த இடம்தான். பூட்ஸைப் பரணில் போட்டால் அவனுக்குத் தெரியப்போவது அப்பா கோபக்காரர் என்பது மட்டும்தான். அது பிறந்ததிலிருந்தே அவனுக்குத் தெரியும். அவன் இல்லாத நடுவில் அவன் பள்ளி கோல் வாங்குவதை, எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, ஒவ்வோர் ஆட்டமும் அவன் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய தண்டனையை உன் பரண் தராது.

இன்னும் ஒன்று கேள். பெப்பேக்கு அப்போது 26 வயது. உன் மகனுக்கு 15.

நீ கசாப்புக்காரன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா? பிறந்தது பிரேசிலின் வடகிழக்கில், அலகோவாஸ் மாநிலத்து மாசெயோ. இயற்பெயர் கெப்லர் லவெரான். ஆம், கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்லர். மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய அதே லவெரான். இரண்டு விஞ்ஞானிகளின் பெயரைச் சுமந்துகொண்டு ஒருவன் காஸ்கெரோவை உதைத்தான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? 18 வயதில் கடல் தாண்டி மதீரா தீவுக்கு வந்தார், மரிட்டிமோ அணிக்கு. ரொனால்டோ பிறந்த தீவு அது. 2004இல் போர்ட்டோ, 2007இல் ரியல் மாட்ரிட். விலை மூன்று கோடி யூரோ. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அவ்வளவா என்று அப்போது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதே 2007இல் போர்ச்சுகல் குடியுரிமை கிடைத்து, நவம்பரில் ஃபின்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம்.

தடை முடிந்து திரும்பி வந்த சில மாதங்களில், டிசம்பரில், முட்டியின் தசைநார் கிழிந்தது. முட்டி என்றால் எனக்குத் தெரியும், அதனால் அந்தச் செய்தியைப் படித்ததும் என் காலைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டேன். இனி உலகக் கோப்பை போச்சு என்றார்கள். ஆறு மாதம் கழித்து, 2010 ஜூன் 25, டர்பனில், நடுக்களத்தில் இறங்கினார். எதிரே யார்? பிறந்த நாடு. பிரேசிலுடன் 0-0. அந்த ஆட்டம் பார்க்க மகா மோசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அங்கே நின்றதைப் பார்க்க எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகும் அவர் ஞானியாகிவிடவில்லை. நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2011இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவின் தானி ஆல்வெஸ் மேல் காலைத் தூக்கி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அதற்குப் பின் மெஸ்ஸி இரண்டு அடித்தார். 2012 ஜனவரியில் மெஸ்ஸியின் கையை மிதித்தார். வேண்டுமென்றே செய்யவில்லை என்று அவர் சொன்னதை நீயும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனியுடன், தரையில் உட்கார்ந்திருந்த முல்லரிடம் போய்க் குனிந்து தலையால் முட்டினார். 37ஆம் நிமிடம். அப்போதே 2-0 பின்தங்கியிருந்தார்கள், முடிந்தது 4-0. அந்தக் குழுவில் அமெரிக்காவுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே புள்ளிகள்; கோல் வித்தியாசத்தில் போர்ச்சுகல் வீட்டுக்குப் போனது. மறுபடியும் அதே கணக்கு: ஒருவன் முட்டினான், 23 பேர் பெட்டி கட்டினார்கள். அன்று நான் எவ்வளவு திட்டினேன் என்பது என் வீட்டுச் சுவர்களுக்குத் தெரியும்.

ஆனால் மக்கா, 2016 ஜூலை 10. நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. பாரிஸில் யூரோ கோப்பை இறுதிப் போட்டி, போர்ச்சுகலுக்கு எதிரே பிரான்ஸ், அதுவும் சொந்த மண்ணில். 25ஆம் நிமிடத்தில் ரொனால்டோவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். "முடிந்தது, தூங்கப் போ" என்று நீ போன் செய்தாய். அதற்குப் பின் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீ தூங்கினாய், நான் பெப்பேயைப் பார்த்தேன். தொடை வலியால் அரையிறுதியில் ஆடாதவர். பக்கத்தில் ஃபொன்டே. கிரீஸ்மான், ஜிரூ, பின்னால் ஜிஞ்ஞாக், யார் வந்தாலும் பந்து வருவதற்கு ஒரு நொடி முன்பே அங்கே இவர் நிற்கிறார். 90 நிமிடம் கடந்து ஜிஞ்ஞாக்கின் பந்து கம்பத்தில் பட்டது. அந்த ஒருமுறை மட்டும் அவரையும் ஏமாற்றிவிட்டார்கள், மாதா பார்த்துக்கொண்டாள். 109ஆம் நிமிடத்தில் போர்ச்சுகலின் எடர் கோல் அடித்தார். ஊரெல்லாம் எடர், எடர் என்றது. ஆட்ட நாயகன் விருதைப் பெப்பேக்குக் கொடுத்தார்கள். கோல் அடிக்காத ஒரு ஸ்டாப்பருக்கு, இறுதிப் போட்டியில்! குருசு மாஸ்டர் உயிரோடு இருந்து அதைப் பார்த்திருக்க வேண்டும். 2009இல் டிவியை அணைத்தவர் அன்று அணைத்திருக்கமாட்டார்.

மாட்ரிட்டில் பத்து வருடம், 334 ஆட்டம், மூன்று லீக், மூன்று சாம்பியன்ஸ் லீக். அதெல்லாம் உனக்கு வேப்பங்காய், தாண்டிவிடுகிறேன். பிறகு இஸ்தான்புல்லில் பெசிக்டாஸ், 2019இல் மீண்டும் போர்ட்டோ. பணி ஓய்வுக்கு வந்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

2021 மார்ச் 9 டூரினில் யுவென்டஸுடன் ஆடிய ஆட்டத்தை மட்டும் நீ எப்படியாவது தேடிப் பார். தயவுசெய்து பார். ரோஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் டாரெமி சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, போர்ட்டோ பத்துப் பேருடன் கூடுதல் நேரம் முடியும்வரை தாக்குப்பிடித்தது. எதிரணியில் ரொனால்டோ. 38 வயதில் பெப்பே அன்று ஆடியதில் ஓட்டம் குறைவு. முன்பெல்லாம் வெளியே பாய்ந்து கடிக்கிற ஆள், அன்று பாயவில்லை. பெனால்டி பகுதிக்குள்ளேயே நின்று, உடம்பை முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொண்டு, குறுக்கே வந்த பந்தையெல்லாம் தலையால் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார். 115ஆம் நிமிடத்தில் போர்ட்டோவின் செர்ஜியோ ஒலிவேரா அடித்த ஃப்ரீ கிக், சுவராக நின்ற ஆட்டக்காரர்களின் காலடியில் புகுந்து கோலாகிப் போனது. அன்று 3-2 என்று தோற்றும், இரண்டு ஆட்டங்களின் கோல்களும் சேர்ந்து சமமானதால், எதிரணி மைதானத்தில் அடித்த கோல்களின் கணக்கில் போர்ட்டோ மேலே போனது. எப்போது காலை நீட்டக்கூடாது என்பதை ரோஷன் அதில் பார்க்க முடியும். அவனுடைய பயிற்சியாளர் அதைச் சொல்லிக் கொடுக்கிறாரா?

கத்தாரில் 39 வயதில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகத் தலையால் கோல், அதுவும் தலைவனாக. உலகக் கோப்பையின் நாக் அவுட் சுற்றில் அவ்வளவு வயதில் வேறு யாரும் அடித்ததில்லை. அடுத்த ஆட்டத்தில் மொராக்கோவிடம் தோற்றதும் அர்ஜென்டினாக்காரர் எப்படி நடுவராக வரலாம் என்று கத்தினார். கால் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. போன டிசம்பரில், 40 வயதில், ஸ்போர்ட்டிங் அணியுடன் கையை வீசி இன்னொரு சிவப்பு அட்டை! இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீ இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாய். தொங்கு. அந்தச் சூடு அவரை விட்டுப் போகவே இல்லை. ரோஷனை விட்டும் போகாது, உன்னை விட்டுப் போயிருக்கிறதா என்ன? வாழைக்குலை விவகாரத்தை நான் லதாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

போன மாதம் ஹாம்பர்க்கில் பிரான்ஸுடன் ஆடியதைப் பார்த்தாயா? 41 வயது 130 நாள். யூரோ கோப்பையில் இத்தனை வயதில் யாரும் ஆடியதில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில், ஸ்லோவேனியாவுடன், கால் வழுக்கிப் பந்தை விட்டுவிட்டார். செஷ்கோ தனியாகப் போக, கோல்கீப்பர் டியோகோ கோஸ்டா காலால் தடுத்தார். அதோடு இவர் கதை முடிந்தது என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து பிரான்ஸுடன் 120 நிமிடம் முழுக்க ஆடினார். கூடுதல் நேரத்தில் துராமுடன் தோளோடு தோள் ஓடித் தடுத்ததைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள். துராமுக்கு அப்போது 26. பெனால்டியில் 5-3 என பிரான்ஸ் வென்றது. பிறகு பெப்பே அழுதார், ரொனால்டோ கட்டிப் பிடித்தார்.

நீ அவரை மன்னிக்க வேண்டியதில்லை. காஸ்கெரோ மன்னித்தாரா என்றுகூட நான் கேட்கவில்லை. ஆனால் 10 ஆட்டத் தடை முடிந்ததும் ஒரு கிளப் அவருக்குச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தது. ரோஷனுக்கு நீதான் கிளப்.

முதலில் அந்தப் பையன் வீட்டுக்கு ரோஷனைக் கூட்டிக்கொண்டு போ. நீ வாசலில் நில், உள்ளே அவன் பேசட்டும். அடுத்து, தடை இருக்கும்வரை பள்ளியின் எல்லா ஆட்டத்துக்கும் போய் உட்காரச் சொல். தண்ணீர் பாட்டில் தூக்கட்டும், பந்து பொறுக்கட்டும். பூட்ஸைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வை. தோல் காய்ந்தால் வெடித்துவிடும், அதை வாங்க நீ எவ்வளவு கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் லீவுக்கு அவனை இங்கே அனுப்பு. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் தொடங்கிவிடும், நம் பழைய கூட்டம் கரையில் உட்கார்ந்திருக்கும், வாய்க்கு வாய் பதில் சொல்லப் பழகுவான். கால் சும்மா இருக்க அது நல்ல பயிற்சி.

அவனுக்குப் பக்கத்தில் நடுவில் ஆடும் பையன் யார், எப்படிப்பட்டவன் என்று விசாரித்து எழுது. லதாவிடம் கேட்காதே, நீயே போய்ப் பார்த்து எழுது.

உன்,
ஆண்டனி

பி.கு. கருவாட்டுடன் பழைய ஷின் கார்டு ஒரு ஜோடி அனுப்புகிறேன். உனக்கல்ல.